அப்பாவோட பழைய 240டி-யை ஆட்டோமேட்டிக்கா மாத்தலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்க வீட்டுல 1983 மாடல் மெர்சிடிஸ் 240டி இருக்கு, 4 கியர் மேனுவல், நான் ஸ்கூல் போனதே அதுலதான். இப்ப அப்பாவுக்கு இடது முழங்கால் தேஞ்சு போச்சு, கிளட்ச் மிதிச்சா வலி உயிர் போகுது, ஆனா வண்டிய விக்க அவருக்கு மனசே வரல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் வாங்கி மாட்டிடலாம்னு மெக்கானிக் சொல்றார். நம்பலாமா?

பதில்: மாத்தலாம்மா, ஆனா அந்த "மட்டும்"தான் எனக்கு உதைக்குது. கியர்பாக்ஸோட டார்க் கன்வெர்டர் (கிளட்ச்சுக்குப் பதிலா இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிறது) வேணும், கனமான ஃப்ளைவீலுக்குப் பதிலா மெல்லிசான ஃப்ளெக்ஸ் பிளேட் வேணும், முன்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், பெடல் செட், கியர் லீவர், ஆயில் கூலர் இருக்கிற ரேடியேட்டர்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகும், அதுவும் இந்த வண்டில கியர் எவ்வளவு மென்மையா மாறணுங்கிறதே வாக்யூமை (காத்தை உறிஞ்சுற இழுவை) வச்சுதான், டீசல் பம்ப் மேல இருக்கிற சின்ன வால்வும் அதோட ரப்பர் குழாயும் சரியா அமையலைன்னா ஒவ்வொரு கியருக்கும் வண்டி டமால்னு உதைக்கும், இல்லன்னா கியர் பிடிக்காம வழுக்கும். ஒவ்வொண்ணா தேடி வாங்கினா கடைசி ஒரு பிராக்கெட்டுக்காக வண்டி மாசக்கணக்குல ஜாக்கி மேல நிக்கும்.

இந்த மாடல்ல கம்பெனியே 4 கியர் ஆட்டோமேட்டிக் போட்டு வித்திருக்காங்க. அதனால பாடி துருப்பிடிச்சு ஆனா ஓடுற நிலைமைல இருக்கிற ஒரு ஆட்டோமேட்டிக் 240டி-யை முழுசா வாங்கி, வேண்டிய பார்ட்ஸ் எல்லாத்தையும் அதுல இருந்தே கழட்டி மாட்டுங்க, இதுதான் என் முடிவான அபிப்பிராயம். ஓட்டிப் பார்த்துட்டு வாங்கலாங்கிறது பெரிய லாபம். இன்ஜின் சூடானதும் பிரேக் மிதிச்சுக்கிட்டு லீவரை டி-ல (முன்னாடி ஓடுறதுக்கு) போடுங்க, ஒரு செகண்டுக்குள்ள பிடிக்கணும், யோசிச்சு யோசிச்சு பிடிச்சா உள்ள சீல் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் இன்ஜின் ஓடும்போதே கியர் ஆயில் குச்சிய உருவி வெள்ளைத் துணில ஒரு சொட்டு வைங்க. சிவப்பா பரவினா நல்லது, காப்பி டிகாஷன் மாதிரி கருத்து, கருகின வாடை அடிச்சா எவ்வளவு குறைச்சு சொன்னாலும் வேண்டாம்.

ஒரு விஷயம் அடிச்சு சொல்றேன். லீவர் 'பி' (பார்க்கிங்), 'என்' (நியூட்ரல்) ரெண்டுல இருந்தா மட்டும்தான் வண்டி ஸ்டார்ட் ஆகணும், அதுக்குன்னே ஒரு சுவிட்ச் உண்டு. என் நண்பன் வண்டில மாத்தினவங்க அதை ஒயர் பண்ணாமலே குடுத்துட்டாங்க, ஆர்-ல (ரிவர்ஸ்) இருந்தப்ப அவன் சாவிய திருப்ப வண்டி பின்னாடி பாஞ்சு சுவத்துல மோதிச்சு, பின்னாடி யாரும் நிக்காதது அவன் அதிர்ஷ்டம். டெலிவரி எடுக்கும்போது டி, ஆர் ரெண்டுலயும் பிரேக்க அழுத்திக்கிட்டு நீங்களே சாவி போட்டுப் பாருங்க. இன்ஷூரன்ஸ்காரங்க கிட்ட வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க, கழட்டின மேனுவல் பார்ட்ஸ் ஒண்ணையும் விட்டுட்டு வராதீங்க.

இவ்வளவுக்கும் முன்னாடி அந்த கிளட்ச்ச ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க. கிளட்ச் பிளேட் தேயத் தேய பெடல் கனமாயிட்டே போகும், ஹைட்ராலிக் ஹோஸ் உள்ள அடைச்சிருந்தாலும் கஷ்டம்தான். புது செட் போட்டதும் அப்பா இன்னும் கொஞ்ச வருஷம் அப்படியே ஓட்டினாலும் ஓட்டலாம்.

இன்னொண்ணு, அந்த இன்ஜினுக்கு சக்தியே 72 குதிரைதான், ஆட்டோமேட்டிக்ல இன்னும் மெதுவா கிளம்பும். யாரோடதாவது ஆட்டோமேட்டிக் 240டி கிடைச்சா அப்பாவ ஒரு மேடு ஏறிட்டு வரச் சொல்லுங்க, இறங்கி வந்து அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.