வாண்டு கையில் போன்: உங்கள் கேள்விகள்

என் மகன் மொபைலில் கேம் விளையாடுகிறான். நல்லதா, கெட்டதா?

வயது இல்லை, கேமின் பெயர் இல்லை, எத்தனை நேரம் என்றும் இல்லை. ஜாதகம் கொடுக்காமல் பலன் கேட்கிறீர்கள். மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

14 மாதப் பெண் குழந்தை. விலங்குகள் பெயர் சொல்லித்தரும் கேம் வைக்கலாமா?

வேண்டாம். 2 வயது வரை திரையே கூடாது, தாத்தா பாட்டியோடு வீடியோ கால் மட்டும் பேசலாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அதற்குப் பிறகும், 5 வயது வரை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்தான். அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்தால். திரையில் தட்டிப் பழகியது இந்த வயதில் நிஜப் பொருளைக் கையாள எளிதில் உதவாது. கட்டிலுக்கடியில் உருண்ட பந்தைத் தேடி எடுப்பதில்தான் பாடம் இருக்கிறது.

இரண்டரை வயது மகனுக்கு ப்ளே ஸ்டோரில் '3+' போட்ட இலவச கேம்தான் கொடுக்கிறோம். பயமில்லைதானே?

வாரம் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். அந்த '3+' எப்படி வருகிறது தெரியுமா? கேம் செய்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்: வன்முறை உண்டா, ஆபாசம் உண்டா, சூதாட்டம் உண்டா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் '3+' கிடைத்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியுமா, பயன்படுமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. கால்குலேட்டருக்கும் '3+'தான்! 'கல்வி' என்ற பிரிவும் அப்படியே, செய்தவரே தேர்ந்தெடுப்பது.

இலவசத்துக்கான விலை விளம்பரம். பலூனை உடைத்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க ஒன்று வரும். மூடுகிற பெருக்கல் குறி மூலையில் அரிசி அளவு. அதுவும் ஐந்து விநாடி கழித்துத்தான் முளைக்கும். குழந்தையின் விரல் அதில் படாது, விளம்பரத்தில் படும். அடுத்த நொடி வேறொரு கேமின் பக்கம் திறந்திருக்கும்.

எனவே முதலில் நீங்கள் பத்து நிமிடம் விளையாடுங்கள். பிறகு ஏரோபிளேன் மோடு போட்டு ஆடிப் பாருங்கள். சில போன்களில் வைஃபை தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள். நெட் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்றால் கேமை நீக்குங்கள். வண்ணம் தீட்டும் கேம் லொகேஷன் கேட்டாலும் அதே தீர்ப்பு.

குழந்தை தட்டியதில் 800 ரூபாய் போய்விட்டது. கிடைக்குமா?

ப்ளே ஸ்டோரில் வாங்கியதென்றால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றே மாற்றுங்கள். குழந்தைக்குத் தெரிந்த பேட்டர்ன் லாக், லாக் இல்லை.

கேமிலிருந்து வெளியேறி வாட்ஸப்பில் யாருக்கோ கால் போட்டுவிடுகிறாள்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' என்று தேடுங்கள். கேம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின் நம்பர் வைக்க மறக்காதீர்கள்.

போனைத் திரும்ப வாங்கினால் புரண்டு அழுகிறான். வயது 3.

முடிவே இல்லாத கேமைக் கொடுத்திருப்பீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் கேம், நாணயம் கொட்டும் கேம் எல்லாம் நிறுத்தவிடாமல் செய்யப்பட்டவை. ஆறு, எட்டுத் துண்டில் முடிகிற படப்புதிர் கொடுங்கள். 'அஞ்சு நிமிஷம்' அந்த வயதுக்குப் புரியாது. 'இன்னும் ரெண்டு படம்' புரியும். இரண்டாவது முடிந்ததும் அவன் கையாலேயே போனை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு ஊட்ட மட்டும் கேம் வைக்கலாமா?

கூடாது. வயிறு நிறைந்தது தெரியாமல் விழுங்கும், அல்லது வாயில் அடக்கிக்கொண்டே இருக்கும். ஏரோபிளேன் மோடு போட்டாலும் கூடாது.