வாசகர் கேள்வி – பதில்: உப்பு யாத்திரை வழியில் ஒரு நடை

கேள்வி: 1930-இல் உப்பு சத்தியாகிரகிகள் போன வழியில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நண்பர்கள் நால்வர் நடக்க நினைக்கிறோம். மேப்பில் 150 கிலோமீட்டர் சொச்சம்தான் காட்டுகிறது. ஆறு நாளில் முடியுமா? – வாசகர், வலங்கைமான்

பதில்: முடியாது. மேப் காட்டுவது தஞ்சாவூர், மன்னார்குடி வழியாகப் போகும் குறுக்கு வழி. ராஜாஜியின் படை நடந்தது சுமார் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். கல்லணைக்குக் கிழக்கே கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் என்று வந்து, கும்பகோணத்துக்கு ஏறி, உங்கள் ஊர் வழியாக நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று இறங்கினார்கள். சீக்கிரம் போய்ச் சேருவதா அவர்கள் நோக்கம்? ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் பேசிக்கொண்டே போனார்கள். ஏப்ரல் 13-இல் திருச்சி கன்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பி 28-இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். நாளுக்கு 15 கிலோமீட்டர்தான் கணக்கு. பழக்கமில்லாத காலுக்கு அதுவே போதும். தார்ச்சாலையில் அதற்கு மேல் போனால் மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம் வந்து நிற்கும்.

அவர்கள் போன சித்திரையிலேயே போகவேண்டும் என்ற வீம்பு வேண்டாம். பிப்ரவரி பின்பாதி நல்லது. ஒரே தொல்லை, சம்பா அறுவடை முடியாத ஊர்களில் சாலையின் பாதியில் நெல் காயும், மீதியில் லாரி வரும். வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். நெல்லை மிதித்துவிட்டு வசவு வாங்காதீர்கள். விடுமுறை கிடைக்காவிட்டால் கோவிலடி–திருக்காட்டுப்பள்ளி பகுதியை மட்டுமாவது நடந்துவிடுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுப் பொட்டலத்தை மரத்தில் கட்டி வைத்தார்களாமே, மெய்யா? – வாசகி, பாபநாசம்

பதில்: மெய்தான். சத்தியாகிரகிகளுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அதனால்தான் ஊரார் சாலையோர மரக்கிளைகளில் பொட்டலம் கட்டிவிட்டு விலகிப் போனார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே இடம் கொடுத்தார், சிறைக்கும் போனார்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை ஒரே நாளில் வேதாரண்யம் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். எப்படிப் போவது, எதை விடக்கூடாது? – ஆசிரியை, மன்னார்குடி

பதில்: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகலப்பாதையில் 2023 முதல் ரயில் ஓடுகிறது. நாளுக்குச் சில வண்டிகள்தான். திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். வெயில் ஏறுமுன் அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூணை முடித்துவிட வேண்டும். ஏப்ரல் 30-இல் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானது இந்தப் பக்கத்தில்தான். சுற்றிலும் உப்பளம், ஒதுங்க நிழல் கிடையாது, தரையின் வெள்ளை கண்ணைக் கூசும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.

உப்பு விளையும் பாத்திக்குள் இறங்குமுன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். பாத்தியில் தேங்கிய உப்புநீர் வற்ற வற்ற, முதலில் மேலே மெல்லிய ஏடு படியும். பிறகு அடியில் உப்புப் பரல் கட்டும். அந்த நேரத்தில் யாராவது மிதித்துவிட்டால் சேறு கலந்து உப்பு கறுத்துவிடும், அவர்களுக்குத்தான் நஷ்டம். வெறுங்காலும் ஆகாது. பரல் கீறிய இடத்தில் உப்புநீர் பட்டால் பிள்ளைகள் அலறிவிடுவார்கள். புதிதாக வாரிய உப்பை வாயில் போட்டால் லேசாகக் கசக்கும். மக்னீசியம் கலந்த நீர் இன்னும் வடியாததுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள்; பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர்தான் நிற்கும்.

ஊருக்குள் நாவிதர் வைரப்பனின் நினைவுத்தூணைத் தவறவிடாதீர்கள். சத்தியாகிரகிகளை அடித்த போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தவர், உட்கார்ந்திருப்பவர் போலீஸ் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார். அதற்காகச் சிறை சென்றார். இந்த ஊர் விடுதலைப் போராட்டத் தலைவர் சர்தார் வேதரத்தினம் 1946-இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலமும் இங்கேதான். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும்.