பாதியிலேயே படுத்துவிடும் விண்டோஸ்

கணினி: கேள்வி – பதில்

உதிரிபாகங்கள் வாங்கி நானே பூட்டிய கணினி. ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 6000 வேகமுள்ள 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, 1 டிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 போட்டால் ஒரு தடவை 23 சதவீதத்தில் நீலத்திரை. அடுத்த தடவை 61-ல் தானாக ரீஸ்டார்ட். இன்னொரு தடவை ஃபைல் பழுது என்று 80070570 எண். பென்டிரைவை மாற்றியும் அதே கதை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகர், கீழக்கரை

பொறுங்கள், மதர்போர்டு கடைசியில் சந்தேகப்பட வேண்டிய ஆள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். இடம் மாறிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ராம்.

விண்டோஸ் நிறுவும்போது பல ஜிபி அளவுள்ள சுருக்கப்பட்ட ஃபைல் ஒன்று ராமில் வைத்து விரிக்கப்படுகிறது. விரித்த ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று சோதனையும் நடக்கிறது. ராமில் ஒரே ஒரு பிட் புரண்டால் போதும், அந்த ஃபைல் கெட்டது என்று இன்ஸ்டாலர் சொல்லிவிடும். அதை நம்பி நாம் பென்டிரைவ் பென்டிரைவாக மாற்றிக்கொண்டிருப்போம்.

முதல் வேலை, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் எக்ஸ்போவை, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணைப்பது. டப்பாவில் போட்டிருக்கும் 6000 என்பது எக்ஸ்போவை இயக்கினால் கிடைக்கும் வேகம். அது ஓவர்கிளாக்கிங், அதாவது உறுதி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டும் கணக்கில்தான் சேரும். இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி உறுதி சொல்வது, இரண்டு ராம் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. எக்ஸ்போவை அணைத்தால் ராம் பெரும்பாலும் 4800-ல் ஓடும். விண்டோஸ் ஏற அது தாராளம். மாற்றிச் சேமித்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே அளவு சரிபார்க்கும் வேலை அது. செத்துவிட்டது என்று நினைத்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியும் நின்றால் ஒரு ராமைக் கழற்றிவிடுங்கள். மிச்சமுள்ளதை ஏ2 இடத்தில், அதாவது பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில், கிளிப் ‘டக்’கென்று மூடும்வரை அழுத்துங்கள். (இரண்டும் போடும்போது இரண்டாவதும் நான்காவதும். ஒன்றிலும் இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் செருகியவர்கள் நிறைய.) வேறு கணினியில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்றும் ஓட விடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பார்க்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடாது.

ஒரு ராம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டினால் ராம் கெட்டது. ஜோடியாக வாங்கியதை வாரண்டிக்கும் ஜோடியாகவே அனுப்புங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை என்றால், பிராசஸரைத் தூக்கி சாக்கெட்டில் பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வகை மதர்போர்டில் பின்கள் போர்டு பக்கம் இருக்கின்றன. கூலர் ஸ்க்ரூவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் தொடர்பு சரியாக விழாது. மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகு கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம்.

புதிய பயாஸ் போடுவதும் பலன் தரும். இந்தத் தலைமுறையின் ஆரம்ப பயாஸ்களில் ராம் தகராறு அதிகம். ஆனால் யுபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் கெடாத மதர்போர்டும் கெட்டுவிடும்.

நீலத்திரை, பிழை எண் எதுவும் இல்லை. ஃபைல் காப்பி ஆகும்போது பொட்டென்று அணைந்துவிடுகிறது. கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக்கும் அடிக்கிறது.
– வாசகர், இராமேஸ்வரம்

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சொல்லாமல் அணைவது சூடு அல்லது பவர். பயாஸில் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 50 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. கண் முன்னாலேயே 80, 90 என்று ஏறினால் கூலரைக் கழற்றுங்கள்; அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கும், அல்லது ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகப்பட்டிருக்காது. மதர்போர்டின் மேல்மூலையில் உள்ள 8 பின் பவர் முழுதாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால், இ.பி.யிலிருந்து பேட்டரிக்கு மாறும் நொடியில் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் பவர் தரும் பெட்டி) தாங்காமல் அணையலாம். நிறுவி முடிக்கும்வரை யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

ஷாக் அடிப்பது எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டி, எர்த் கிடைக்காதபோது பாதி வோல்ட்டைக் கேபினட்டில் கொண்டுவந்து வைக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனாலும் போர்டைத் தொட்டுப் பூட்டும்போது ஆபத்து. தீவின் மணலில் கோடையில் ஈரம் வற்றினால் எர்த் பலமிழக்கும், உப்புக்காற்றில் கம்பியும் அரித்துப்போகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் என்று எலெக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5-க்கு மேல் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்யாமல் விடாதீர்கள்.

எத்தனை முறை போட்டாலும் 37 சதவீதத்தில்தான் நிற்கிறது.
– வாசகர், தொண்டி

பெரும்பாலும் பென்டிரைவ்தான். 64 ஜிபி என்று மலிவாகக் கிடைப்பவற்றில் உள்ளே அவ்வளவு இருக்காது. உண்மையில் உள்ள அளவைத் தாண்டி எழுதியது எங்கும் போய்ச் சேராது. நல்ல பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே புதிதாக இறக்கி, பின்பக்க யுஎஸ்பி 2 துளையில் செருகிப் போடுங்கள்.

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை. இன்டெல் 12-ஆம் தலைமுறை.
– வாசகர், பாம்பன்

பயாஸில் விஎம்டி (டிஸ்க்கைத் தனி டிரைவர் இருந்தால்தான் காட்டும் இன்டெல் அமைப்பு) என்பதை அணையுங்கள். தெரியும்.

ஐ7-14700கே செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா? மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகர், மண்டபம்

யோசித்து வாங்குங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் அதிக வோல்ட் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே கெடுத்துக்கொண்ட விவகாரத்தை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் வந்த மைக்ரோகோடு (பயாஸ் வழியே பிராசஸருக்குப் போகும் திருத்தம்) இனி கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைத் திருப்பித் தராது. சுருக்கிய ஃபைலை விரிக்கும் வேலையில்தான் இவை முதலில் தடுமாறும், எனவே விண்டோஸ் நிறுவும்போதே தெரிந்துவிடலாம். ராம் சோதனையில் தேறியும் இன்ஸ்டால் நின்று, பயாஸில் பி-கோர் (பிராசஸரின் வேகமான கோர்கள்) வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் ஒழுங்காக ஏறினால் பிராசஸர் கெட்டதுதான். டப்பாவில் விற்றவற்றுக்கு வாரண்டி 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டப்பட்டது. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பழைய ராமைப் புதுக் கணினிக்குப் போடுகிறேன். பச்சை பிடித்திருக்கிறது. ரப்பர் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

எல்லாக் கடையிலும் அதைத்தான் செய்கிறார்கள். முனைகளில் உள்ள தங்க முலாம் மிக மெல்லியது. ரப்பர் அதைச் சுரண்டிவிடும். அப்புறம் உங்கள் ஊர்க் காற்றுக்கு உள்ளே இருக்கும் உலோகம் சீக்கிரம் அரிக்கும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதற்கும் ஒரு வேலை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முனையை நீளவாக்கில் ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். துடைத்தும் பச்சை போகாமல் முலாம் உரிந்து தெரிந்தால் அந்த ராம் வேண்டாம்.