கவுண்டரில் இருப்பவருக்குக் காது கேட்கிறதா? பாரில் வாசிக்கும் ராக் குழுக்களுக்குக் கேள்வி பதில்

22 வருடங்களாக ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் வேறு வேலை. வெள்ளி, சனி இரவுகளில் ஏதாவது ஒரு சின்ன பாரின் மூலையில், கழிப்பறைக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு நிற்பேன். பெரிய அரங்கக் கச்சேரிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அந்த அனுபவம் இல்லை. ஐம்பது அறுபது பேர் உட்காரும் இடத்தில் வாசிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கிட்டார் வாசிப்பவர்: அக்கா, நாங்கள் நான்கு பேர். ஆறு மாதமாக ஒத்திகை பார்க்கிறோம். பதினான்கு பாடல்கள் தயார். முதல் நிகழ்ச்சிக்குப் போதுமா?

முதலாளி எவ்வளவு நேரம் கேட்கிறார்? ஒரே குழு முழு இரவையும் நடத்துவதென்றால் 45 நிமிடம் வீதம் மூன்று சுற்று கேட்பது பல இடங்களில் வழக்கம். பாடலுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் சுற்றுக்குப் பத்து, ஆக முப்பது, கையிருப்பில் இன்னும் மூன்று நான்கு. பதினான்கை வைத்துக்கொண்டு அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொரு குழுவோடு இரவைப் பங்கு போட்டு ஒரு சுற்று மட்டும் வாசியுங்கள். 1960 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போய், இந்திரா என்ற சிறிய கிளப்பில் இரவுதோறும் மணிக்கணக்கில் வாசித்தார்கள். கையிலிருந்த பாடல்கள் போதாமல் இழுத்து நீட்டி வாசித்தே ஒரு குழுவாகத் தேறினார்கள். மறுநாள் காலை அலுவலகம் போகிறவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது.

பாடல்களைத் தயார் செய்துவிட்டீர்கள், சரி. இரண்டு பாடல்களுக்கு நடுவே என்ன நடக்கும் என்று ஒத்திகை பார்த்தீர்களா? முதல் நிகழ்ச்சியில் எல்லாக் குழுவும் விழும் பள்ளம் இதுதான். பாடல் முடிகிறது, கைத்தட்டல் கேட்கிறது. கிட்டார்க்காரர் குனிந்து சுருதி சேர்க்கிறார். டிரம்மர் தண்ணீர் குடிக்கிறார். பாடகர் மூன்றாவது முறையாக "எல்லோரும் நலமா?" என்கிறார். நாற்பது விநாடிதான் ஆகியிருக்கும், அதற்குள் முன்மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பிய நாற்காலி மறுபடி உங்கள் பக்கம் வருவது கடினம். மூன்று மூன்று பாடல்களாகக் கோத்து நிற்காமல் வாசியுங்கள். கைத்தட்டல் அடங்குவதற்குள் டிரம்மர் அடுத்த பாட்டுக்குக் குச்சியைத் தட்டிவிட வேண்டும். ஒத்திகையிலும் தப்பு வந்தால் நிறுத்தாதீர்கள். தப்போடு கடைசிவரை போகப் பழகுவதும் ஒத்திகைதான்.

இன்னொரு கிட்டார்க்காரர்: என்னுடைய ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, 100 வாட். ஒலியளவை இரண்டுக்கு மேல் வைப்பதே இல்லை. அப்படியும் பார் முதலாளி சத்தம் அதிகம் என்கிறார். 50 வாட் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. வாட் பாதியானால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறிய வித்தியாசம். ஆம்ப் மாற்றுவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையில், உங்கள் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும். முழங்காலுக்குக் காது கிடையாது. ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் பாயும். அது உங்கள் காலிடுக்கில் புகுந்து, ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் அறைகிறது. உங்களுக்கோ கேட்கவில்லை, மேலும் ஏற்றுகிறீர்கள். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள், அல்லது பின்பக்கம் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்க வையுங்கள். அன்றைக்கே ஒலியைக் குறைப்பீர்கள். வால்வு ஆம்ப் என்றால் ஓரளவு முறுக்கினால்தான் அதன் குரல் திறக்கும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் 5 வாட், 15 வாட் ஆம்புகள் இருக்கின்றன. சின்ன பாருக்கு 15 வாட் தாராளம்.

அடுத்தது டிரம்ஸ். சின்ன அறையில் மைக்கே வைக்காத டிரம்ஸ் செட் 100 டெசிபலை எளிதாகத் தொட்டுவிடும். குழுவின் ஒலி அங்கிருந்துதான் கட்டப்படுகிறது. டிரம்மர் ஏறினால் கிட்டார் ஏறும், கிட்டார் ஏறினால் பாடகர் கத்துவார். மெல்லிய மரக்குச்சிகளைக் கட்டுக் கட்டிய மாதிரி ஒரு வகைக் குச்சி கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார். இன்னொன்று, பெரிய சிம்பலை, அதாவது அந்தப் பித்தளைத் தட்டை, அடிக்கும் தடவைகளைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

இனி என் சொந்தக் குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்வது பெரும்பாலும் பேஸ் கிட்டாரையும், காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்மையும் பற்றித்தான். பேஸின் கடைத் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். சாதாரணச் சுவருக்கெல்லாம் அது அடங்காது. பேஸ் ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்தால் இரு சுவரும் தரையும் சேர்ந்து அதை இன்னும் ஊதிப் பெருக்கும். மூலையைவிட்டு இழுங்கள், தரையிலிருந்து தூக்குங்கள், மிக ஆழமான ஒலியைக் கொஞ்சம் வெட்டுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

சத்தத்தை அளக்க நான் வைத்திருக்கும் கருவி கவுண்டரில் நிற்கிறது. பாடலின் நடுவே அங்கே ஒரு பார்வை விடுங்கள். வாடிக்கையாளர் வாயைத் திறந்ததும் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டு பாட்டிலை எடுத்தால் ஒலி சரி. அவர் கவுண்டர்மேல் குப்புறச் சாய்ந்து, காதருகே கையைக் குவித்து, "என்ன?" என்று இரண்டாம் முறை கேட்டால், முதலாளியின் வியாபாரம் உங்களால் மெதுவாகிறது. அடுத்த மாதம் உங்களைக் கூப்பிடாததற்கு அவர் வேறு ஏதாவது காரணம் சொல்வார். நிஜக் காரணம் அந்தக் குவித்த கைதான்.

பாடகி: மைக் ஊளையிடுகிறது. எனக்கு என் குரலே கேட்பதில்லை. மைக்கை மாற்றலாமா?

என்ன மைக் என்று எழுதவில்லை. ஷூர் எஸ்எம்58 1966இல் வந்தது, இன்றும் பாதி பார்களில் அதுதான். ஊளைக்குக் காரணம் மைக்காக இருப்பது அபூர்வம். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறீர்களா? மேடையில் அழகாக இருக்கும். ஆனால் பின்பக்க ஒலியைத் தள்ளுவதற்காக வைத்திருக்கும் துளைகளை மூடிவிடுகிறீர்கள். மைக் எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கி, ஸ்பீக்கர் ஒலியையும் வாங்கிக்கொண்டு ஊளையிடும். கைப்பிடியைப் பிடியுங்கள். உதடு வலையைத் தொடும் அளவுக்கு நெருங்குங்கள். எஸ்எம்58 வகைக்கு மானிட்டர், அதாவது உங்கள் குரலை உங்களுக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர், மைக்குக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு வகை என்றால் பின்னால் சற்று ஓரமாக. நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் கேட்கும். கூட்டத்துக்கான ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும், பின்னால் வைக்கவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் குரல் கேட்கவில்லையென்றால் குரலை ஏற்றாதீர்கள். முந்தைய பதிலைக் கிட்டார்க்காரருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர்: மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று அடிக்கிறது. பஞ்சு உறை போட்டால் போதும் என்கிறார்கள்.

போதாது. அடுத்த பாடலைத் தொடங்காதீர்கள். 1972 மே மாதம், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்க்காரர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகரில் மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியாக இல்லை. உங்கள் கை தந்தியில், தந்தி ஆம்பின் எர்த்தோடு. உதடு மைக்கில், மைக், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் பெட்டியின் எர்த்தோடு. இரண்டில் ஒன்று பழுதானால் நடுவே கம்பியாக இருப்பது நீங்கள்தான். இரைச்சல் போக வேண்டுமென்று யாராவது பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், வெட்டியிருந்தால் அந்தக் கம்பியை அங்கேயே தூக்கிப் போடுங்கள். பிளக் பாயின்ட் சோதிக்கும் சின்னக் கருவி ஒன்று பையில் இருக்கட்டும். ஆம்ப், மிக்ஸர் இரண்டுக்கும் எர்த் நன்றாக உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை வாசிக்காதீர்கள். முதலாளி கோபித்துக்கொள்ளட்டும்.

குழுவை நடத்துபவர்: பணம் கிடையாது, விளம்பரம் கிடைக்கும் என்கிறார் ஒருவர். நுழைவுக் கட்டணத்தில் பங்கு என்கிறார் இன்னொருவர். எதை ஏற்பது?

விளம்பரத்தை வைத்துத் தந்தி வாங்க முடியுமா? முதல் ஒரு தடவை பழகுவதற்காகச் சும்மா வாசிக்கலாம், அதையும் நீங்களாகச் சொன்னதாக இருக்கட்டும். நிச்சயத் தொகை சிறிதாக இருந்தாலும் அதுவே நிம்மதி. வாசல் பங்கு என்றால் வாசலில் எண்ணுவது யார் என்று கேளுங்கள். உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். விற்பனையில் சதவீதம் என்றால் கல்லாப் பெட்டியை உங்களால் பார்க்க முடியாது, மறந்துவிடுங்கள். எதுவானாலும் தொகை, சுற்றுகள், தொடங்கும் நேரம், ஸ்பீக்கர் யாருடையது என்ற நான்கையும் முன்னதாகவே செல்பேசியில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை வாய்ப்பேச்சை நம்பிப் போய், இரவு ஒரு மணிக்கு, "அப்படியா சொன்னேன்?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பங்கு பிரிக்கும்போது முதலில் பெட்ரோல், பிறகு வண்டிக்காரருக்கும் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கும் ஏதாவது, மிச்சம் சமமாக. இதை முதல் நிகழ்ச்சிக்கு முன்பே பேசிவிடுங்கள். இசையில் கருத்து வேறுபட்டு உடைந்த குழு எனக்கு ஒன்றிரண்டுதான் தெரியும். வண்டியில் எப்போதும் ஒருவரே பாரம் ஏற்றியதால் உடைந்தவை நிறைய.

பாடல் எழுதுபவர்: எங்கள் சொந்தப் பாடல்களை பாரில் யாரும் கேட்பதில்லை. தெரிந்த பாடல்களையே வாசிக்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி என்ற பாரில் சொந்தப் பாடல்தான் வாசிக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 1974இல் ராமோன்ஸ் என்ற பங்க் ராக் குழுவினர் அங்கேதான் மேடையேறினார்கள். இத்தனைக்கும் அந்தப் பெயர் கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்பதன் சுருக்கம், ராக் அதில் இல்லவே இல்லை. ஆனால் உங்கள் பக்கத்துத் தெரு பார்க்காரர் அந்த மாதிரி விதி போட மாட்டார்.

முதல் சுற்றில் தெரிந்த பாடல்கள், இரண்டாவதில் இடையிடையே உங்களுடையவை. ஒரு தந்திரம்: "அடுத்தது எங்கள் சொந்தப் பாடல்" என்று அறிவிக்காதீர்கள். சொன்னதும் பாதிப் பேர் கழிப்பறைக்கு எழுந்து போவார்கள், எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் தெரிந்த பாடலின் வாலில் ஒட்டி வாசியுங்கள். முடிந்த பிறகு யாராவது வந்து, "அது யாருடைய பாட்டு?" என்று கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அதே நபர்: பிறர் பாடல்களை வாசிக்க உரிமத் தொகை நாங்கள் கட்ட வேண்டுமா?

பல நாடுகளில் பொது இடத்தில் பாடுவதற்கான உரிமம் எடுப்பது அந்த இடத்தை நடத்துபவரின் பொறுப்பு. முதலாளியிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் வாசித்ததை ஒளிப்பதிவு செய்து வெளியிடுவது வேறு விஷயம். பாரின் உரிமம் அதற்குச் செல்லாது.

டிரம்மர்: நிகழ்ச்சி முடிந்த இரவு காதில் ரீங்காரம். காலையில் போய்விடுகிறது. பயப்பட வேண்டுமா?

தம்பி, எனக்கு இடது காதில் போகவில்லை. நான் எப்போதும் நிற்பது டிரம்மரின் பெரிய சிம்பலுக்கு வலப்பக்கம். அறை அமைதியாகும் நேரத்தில் அந்தக் காதில் ஒரு மெல்லிய விசில் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நீங்கள் மூன்று சுற்று உட்காருகிறீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த காதடைப்பான் வாங்குங்கள். சாதாரணப் பஞ்சு அடைப்பான் கூர்மையான ஒலியை மட்டும் கூடுதலாக விழுங்கி எல்லாவற்றையும் போர்வைக்குள் தள்ளிவிடும். காது மருத்துவரை ஒரு தடவை பாருங்கள், இந்த வாரமே.

பாடகர்: குடித்துவிட்டு ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடுங்குகிறார். என்ன செய்வது?

மிக்ஸரில் அந்த மைக்கை அணைத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் வாசியுங்கள். அரை நிமிடத்தில் அவரே களைத்துவிடுவார். கைகலப்பு வேண்டாம், அதற்கு முதலாளியின் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு தாய்: என் மகளுக்கு 17 வயது. உங்களைப் போல பேஸ் வாசிக்கிறாள். பாருக்கு அனுப்பலாமா?

அம்மா, வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். வாசிக்க மட்டும் வருகிறவருக்கும் அது பொருந்துமா என்பதை முதலாளியிடம் நேரில் கேளுங்கள், மகளின் நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் முதல் சில நிகழ்ச்சிகளுக்கு நீங்களும் போய்க் கடைசி மேசையில் உட்காருங்கள். அவளுக்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பேஸ் சரியாகக் கேட்கிறதா என்று அங்கிருந்து கட்டைவிரல் காட்ட ஒருவர் வேண்டும். எனக்கு அந்த வேலையை என் தம்பி எட்டு வருடம் செய்தான்.

கீபோர்டு வாசிப்பவர்: ஒவ்வொரு முறையும் எதையாவது மறந்து வைத்துவிட்டு வருகிறோம்.

மேடையைவிட்டுக் கடைசியில் இறங்குபவர் யார் என்று முன்பே ஒருவரைக் குறித்துவிடுங்கள். எல்லாம் வண்டியேறிய பிறகு அவர் தனியாகத் திரும்பிப்போய், கைவிளக்கோடு தரைமட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். சுவரோரம், பிளக் பாயின்ட், மேடைக்குப் பின்னால் உள்ள ஜன்னல் திட்டு. அடாப்டர் எப்போதும் பிளக்கிலேயே இருக்கும், கிட்டார் கழுத்தில் மாட்டும் கேபோ கவ்வி ஜன்னல் திட்டில் இருக்கும்.