காசுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனத்தில் நிதிப் பகுப்பாய்வாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கடன் கேட்டு வருபவர்களுக்கு வட்டி, தவணை எல்லாம் விளக்கினால் ‘ஓம் பிள்ளை, விளங்குது’ என்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வந்து ‘இவ்வளவு கட்டியும் ஏன் குறையவில்லை’ என்று கேட்கிறார்கள். நான் எங்கே பிழை விடுகிறேன்?
- வாசகி, முரசுமோட்டை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ‘ஓம், விளங்குது’ என்பதை நம்புவதை விடுங்கள். உங்கள் மேசைக்கு முன்னால் இருப்பவருக்குக் காசு அவசரம், விதைப்பு நாள் நெருங்குகிறது, இன்னொரு கேள்வி கேட்டால் கடன் தரமாட்டார்களோ என்ற பயமும் இருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் எதைச் சொன்னாலும் ஓம் என்றுதான் வரும். ‘அக்கா, ஐப்பசி மாதத் தவணை எவ்வளவு, அந்தக் காசு எங்கேயிருந்து வரும்?’ என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும், வராவிட்டால் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது வீதம். ஒரு இலட்சம் கடன், 12 மாதம், ‘பிளாட் ரேட்’டில், அதாவது எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி என்ற முறையில், வருடத்துக்கு 24 வீதம் என்று வையுங்கள். வட்டி 24,000, மாதத் தவணை 10,333. பார்க்க மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி மாதிரித்தான் இருக்கிறது, ஊரில் வட்டிக்கு வாங்குவதைவிடப் பரவாயில்லை என்றும் தோன்றும். ஒரு கொப்பியை எடுத்துப் பன்னிரண்டு வரி போடுங்கள், ஒவ்வொரு வரியிலும் அந்த மாதம் கட்டுவதற்கு முன் அவரிடம் மிஞ்சியிருக்கிற முதலை எழுதுங்கள். முதல் மாதம் 1,00,000 அவர் கையில் இருக்கிறது, வட்டி 2,000, சரி. ஏழாம் வரியில் பாதி முதல் திரும்பிப் போய்விட்டது, கையில் இருப்பது 50,000, வட்டி அப்போதும் அதே 2,000. பன்னிரண்டாம் வரியில் மிஞ்சியிருப்பது 8,333 ரூபாய். அந்த 8,333க்கு ஒரு மாத வட்டி 2,000! அந்தக் கடைசி வரியை அவரையே எழுத விடுங்கள். குறைந்துபோகிற மீதிக்கு வட்டி என்று பார்த்தால் இந்தக் கடன் உண்மையில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 42 வீதம். அதே 24 வீதத்தை மீதிக்கு மட்டும் போட்டிருந்தால் மாதம் 9,456, மொத்த வட்டி 13,500க்குள் முடிந்திருக்கும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சரியில்லை, உங்கள் மேலதிகாரி முகம் சுளித்தாலும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டு கையில் குறைவாகக் கொடுத்தால் 42 இன்னும் ஏறும், அதையும் காட்டுங்கள்.

இன்னொன்று, நீங்கள் முரசுமோட்டைப் பிள்ளை என்பதால் உங்களுக்கே தெரிந்தது. வயல்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. காலபோக நெல்லை வெட்டி விற்றால் தை, மாசி, மிஞ்சினால் பங்குனியில் காசு. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா ஏக்கருக்கும் வராது, விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானிக்கிற அளவுக்குத்தான் விதைப்பு. இது தெரிந்தும் பன்னிரண்டு மாதமும் ஒரே வருமானம் என்று நிரப்பின படிவம் பொய்ப் படிவம். இங்கே பாதிக் கடன் பிரச்சினை அந்தப் படிவத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பலரிடம் இருப்பது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி, அதை விரும்பியபடி ஈடு வைக்க முடியாது, அதனால் ஒரு தவணை சறுக்கினால் காப்பு அடகுக்குப் போகும், இல்லாவிட்டால் இன்னொரு குழுக்கடன் எடுத்து இந்தக் கடனைக் கட்டுவார்கள். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பம் நடத்துகிற எத்தனை பெண்கள் இப்படி இழுபட்டார்கள் என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அறுவடைக்குப் பிறகு பெரிய தவணை, இடையில் சின்னத் தவணை என்று மாற்றித் தர முடியுமா என்று உங்கள் நிறுவனத்தில் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி: 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் தந்த வங்கி இப்போது ஒற்றை இலக்கத்தில் தருகிறது. எங்களை ஏமாற்றுகிறார்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

பதில்: இல்லை ஐயா. வட்டியைத் தனியாகப் பார்க்காதீர்கள், பக்கத்தில் விலைவாசியை வையுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு ஒரு வருடம் முன்னால் குறைந்த வட்டிக்குப் போட்டுவைத்தவர்களின் காசைத்தான் அது தின்றது. 2022 கடைசியில் போட்டவர்களுக்கு நல்ல காலம், 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கிவிட்டது, வட்டி மட்டும் ஒப்பந்தப்படி வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு வருடத்தை மறுபடி எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். யாராவது இன்றைக்கும் 25 வீதம் தருகிறோம் என்று வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்துங்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாவிட்டால் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நாளைக்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிறேன். உங்களைப் போல நிதித்துறையில் வேலை செய்யக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?
- மாணவன், மல்லாவி

பதில்: படிக்க வேண்டுமென்றால் வவுனியாப் பல்கலைக்கழகத்திலேயே வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது தம்பி. சி.எஃப்.ஏ. என்கிற நிதிப் பகுப்பாய்வாளர் தொழில்முறைப் பரீட்சையைப் பிறகு பார்க்கலாம், மூன்று கட்டம், எல்லாம் ஆங்கிலம், ஆகவே ஆங்கிலத்தை இப்போதே பிடியுங்கள். அப்புறம் வீட்டில் வயல் இருந்தால் இந்தப் போகத்தின் செலவை ஒன்று விடாமல் எழுதுங்கள்: உழவு, விதைநெல், பசளை, எண்ணெய், வெட்டு மெசின், ஏற்றுக்கூலி. முடிவில் ஏக்கருக்கு என்ன மிஞ்சியது என்று அப்பாவுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். அவர் இடைமறித்து ‘என்ர கூலியை எங்க போட்டனி?’ என்று கேட்டால் உங்கள் விளக்கம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கூலியையும் போட்டு மறுபடி கூட்டுங்கள்.