இன்டீரியர் டிசைன் படிக்கட்டுமா? ஹட்டன் பக்கத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அக்கா, உங்கள் கடிதத்தில் மூன்று பயம் தெரிகிறது. மகள் ஆசைப்படுகிற இன்டீரியர் டிசைன், அதாவது உள்ளக வடிவமைப்புப் படிப்புக்கு வேலை கிடைக்குமா, கொழும்பில் கேட்கிற பல இலட்ச ரூபாவை நம்பிக் கட்டலாமா, பெண்பிள்ளை கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போய் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை தவிர இன்னொன்றையும் ஒரு குறை போல எழுதியிருக்கிறீர்கள்: லீவு விட்டால் போதும், மகள் காம்பராவில் இருக்கிற கட்டில், அலுமாரி, மேசை எல்லாவற்றையும் இழுத்து இடம் மாற்றி வைக்கிறாள், வீட்டில் ஒரே சண்டை என்று. நான் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் கூடவே அனுப்பிய, மகள் உங்கள் வீட்டை வரைந்த கணக்குக் கொப்பித் தாளை நன்றாகப் பார்த்தேன். தையல் டேப்பால் அளந்திருக்கிறாள். ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. அம்மாச்சி இரவில் எழுந்து வெளியே போகிற வழியைப் புள்ளிக் கோடாகப் போட்டு, அந்த வழியில் எதுவும் குறுக்கே வராதபடி அலுமாரியை மூலைக்குத் தள்ளியிருக்கிறாள். தம்பி படிக்கிற மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல் வருகிறது. 'அவன் வலக்கையால் எழுதுவான்' என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு. எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழக்கூடாது என்பதை வகுப்பில் யாரும் சொல்லித்தராமலே பிடித்திருக்கிறாள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். கதவை வெறும் கோடாகப் போட்டிருக்கிறாள். கதவு திறக்கும்போது சுழலுகிற கால்வட்டத்தையும் வரைய வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்தால் ஏறக்குறைய 5 சதுர அடியில் எதையும் வைக்க முடியாது. 120 சதுர அடி வீட்டில் அது ஒரு மேசை வைக்கிற இடம்.

சோபாவுக்குப் பொருத்தமான திரைச்சீலை எடுப்பதும், சுவருக்குக் கலர் சொல்வதும்தான் இந்தத் தொழில் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். யூடியூப் பார்த்து வந்த நினைப்பு அது. அதுவும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே குனிகிறார்கள், எதைச் சுவாசிக்கிறார்கள் என்று பார்த்து இடத்தை ஒழுங்கு பண்ணுவதுதான் அதன் முதுகெலும்பு. விறகடுப்புப் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சமைக்கும் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பை எந்தச் சுவரோடு வைப்பது, புகைபோக்கி எவ்வளவு உயரம் போக வேண்டும், காற்று உள்ளே வர வழி எங்கே என்பதெல்லாம் வடிவமைப்புக் கேள்விகள்தான்.

நம் ஊர்க் குளிரையும் பாருங்கள். ஜூன், ஜூலையில் அலுமாரியைத் திறந்தால் பள்ளிக்கூட யூனிஃபோர்மில் பூஞ்சண வாடை வரும். மழையைத் திட்டுவோம். பாதிக் காரணம் மழை. மீதி, அலுமாரி வெளிச்சுவரோடு ஒட்டி நிற்பது. நாம் விடுகிற மூச்சிலும் சோற்றுப்பானை ஆவியிலும் இருக்கிற ஈரம், குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. பின்னால் காற்றோட்டம் இல்லாததால் அது காய்வதே இல்லை. அலுமாரியை இரண்டு, மூன்று அங்குலம் முன்னுக்கு இழுத்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே விடியற்காலையில் சொட்டுகிற தண்ணீருக்கும் இதே காரணம்தான். உங்கள் மகள் அலுமாரியை இழுத்த நாளில் நீங்கள் ஏசியிருக்கலாம். இனி ஏசுவதற்கு முன்னால் அலுமாரிக்குப் பின்னால் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி அறைகளிலும் இதே கதைதான். ரோஜர் அல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்த நோயாளிகளின் பழைய பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதே அத்தனை வேலை செய்கிறது. தோட்ட வைத்தியசாலைகளிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவங்களிலும் இந்த அறிவோடு யாராவது ஒருவர் உள்ளே வந்தால் எவ்வளவோ மாறும்.

இலங்கையில் கட்டடக்கலை என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஜெஃப்ரி பாவாவைச் சொல்வார்கள். மலைநாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பெயர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை அங்கத்தவரான முதல் ஆசியப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிக் கண்டியிலேயே இருந்து வேலை செய்தார். அங்கே வட்டபுலுவ என்ற இடத்தில் 1950களில் அரச ஊழியர்களுக்காக ஒரு வீடமைப்புத் திட்டம். பல இனத்தவரும் வாழப் போகிற இடம். வரைவதற்கு முன்னால் அவர் அந்தக் குடும்பங்களிடமே கேள்வித்தாள் கொடுத்து எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகுதான் பென்சிலை எடுத்தார். இன்னொரு வீட்டில் தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளில் பொருத்தினார். பக்கத்து ஊர்க் கைத்தொழிலை வீட்டுக்குள் கொண்டுவந்த வேலை அது.

அந்தக் கேள்வித்தாளை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் உண்டு. இந்திய உதவித் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள் வந்தன. தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து அங்கே போன சனங்களுக்கு அது பெரிய மாற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போய்ப் பார்த்தால் சில வீடுகளில் உள்ளே கட்டிய குசினி சாமான் அறையாகிவிட்டது. பின்னால் நாலு தகரம் அடித்து விறகடுப்பை அங்கே வைத்திருக்கிறார்கள். காஸ் விலைக்கு விறகுதான் கட்டும் என்று வரைந்தவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை போல. உங்கள் மகள் அம்மாச்சியின் வழியைப் புள்ளிக் கோடாகப் போட்டிருக்கிறாளே, அந்தப் பழக்கம் உள்ள ஆள்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும். கணினியில் படம் வரைகிற ஓட்டோகேட்டை எவரும் சில மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கண் எல்லோருக்கும் வராது.

சரி, வேலைக்கு வருவோம். ஹட்டனில் 'இன்டீரியர் டிசைனர்' என்று பலகை போட்டு உட்கார்ந்தால் இப்போதைக்குச் சோறு கிடைக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலை இருப்பது வேறு பெயர்களில். கட்டடக் கலைஞர்களின் ஒஃபிஸில் படவரைஞர், பென்ட்ரி அலுமாரி செய்கிற கொம்பனிகளில் அளவெடுத்து வரைந்து கொடுப்பவர், ஹோட்டல் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர், இப்படித்தான் முதல் சில வருடங்கள் போகும். கண்டியிலும் கொழும்பிலும் இடம் அதிகம். வளைகுடா நாடுகளுக்கும் படவரைஞர்கள் போகிறார்கள். மலைநாட்டிலேயே இருக்க வேண்டுமென்றால் நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பக்கத்துத் தங்குவிடுதிகளைப் பார்க்க வேண்டும். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று ஆட்கள் தங்குகிறார்கள். பழைய பங்களாக்களும் அப்படி மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய கட்டடத்தைக் கெடுக்காமல் உள்ளே மாற்றத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை வரும். மாதாமாதம் ஒரே தொகை வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலா படுத்தால் இந்த வேலையும் படுத்துவிடும், 2020இலும் 2022இலும் பார்த்தோமே.

படிப்புக்கு வருகிறேன். மகளின் உயர்தரப் பெறுபேறு இன்னும் வரவில்லை. வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்பு என்ற இரண்டு பாடநெறிகளையும் தேடுங்கள். எந்தப் பாடச் சேர்க்கைக்கு இடமுண்டு என்று அதில் இருக்கும். இரண்டுக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மொறட்டுவையின் இணையத்தளத்தை வாரம் ஒரு முறை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கற்கை ஆங்கிலத்தில் என்பதால் இந்த மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுப்பது வீண்போகாது.

அது கிடைக்காவிட்டால் என்ன? உடனே தனியார் நிறுவனத்துக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமை வழியைப் பாருங்கள். 4ஆம் மட்டம் வரை கைத்தொழில் சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். படவரைஞர் பயிற்சியில் நுழைந்து, வேலை செய்துகொண்டே மேலே ஏறலாம். தொழில்நுட்பக் கல்லூரியிலும், தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களிலும், ஹட்டனில் தொண்டமான் பெயரில் இருக்கிற தொழிற்பயிற்சி நிலையத்திலும் இந்த வருடம் என்னென்ன பாடநெறி, எந்த மொழியில் என்று நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

தனியார் நிறுவனம்தான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, நீங்கள் சேரப் போகிற அந்தப் பாடநெறிக்குத் தரச் சான்று இருப்பது வேறொன்று. பதிவு எண்ணைச் சுவரில் மாட்டிவிட்டுச் சான்றில்லாத பாடநெறி நடத்துகிற இடங்கள் உண்டு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கையில் ஏற்கிறார்களா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடமே கேட்க வேண்டும். 'இன்றைக்குக் கட்டினால் கழிவு' என்று அவசரப்படுத்துகிற இடத்தில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம்.

மகள் டீச்சராக வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிற பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கட்டும். அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. வீட்டுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற உங்கள் கணக்கும் நியாயம்தான். இரண்டு கதவையும் தட்டி வைத்து, திறக்கிறதைப் பார்த்து முடிவெடுப்போம். மகளிடம் 'டீச்சர்தான், வேறு பேச்சில்லை' என்று மட்டும் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

பெண்பிள்ளை வேலைத்தளத்துக்குப் போவது பற்றி. போகத்தான் வேண்டும். அங்கே மேசன் பாஸும் தச்சு பாஸும் 'எங்களுக்கு இது தெரியாதா' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அளவு சரியாக இருந்தால் அந்தப் பார்வை ஒரு வாரத்தில் போய்விடும். அதைவிட முக்கியம் சிங்களம். கொழும்பு, கண்டி வேலைத்தளங்களில் அது இல்லாமல் ஒரு பலகையைக்கூடச் சரியான இடத்தில் அடிக்க வைக்க முடியாது. பாதுகாப்புக்கு, முதல் வேலை எடுக்கும்போது தனி ஆள் நடத்துகிற இடத்தைவிட, வேறு பெண்களும் வேலை செய்கிற ஒஃபிஸைத் தேடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தங்குமிடத்தை நீங்களே போய்ப் பாருங்கள்.

இந்த இடைவெளியில் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். லயத்தில் வேறு மூன்று வீடுகளுக்குப் போய், அனுமதி கேட்டு, அளந்து வரையட்டும். ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கிறவரின் முழங்கை உயரத்தையும் எழுதி வரட்டும். சமையல் மேடை முழங்கைக்கு நாலு அங்குலம் போலக் கீழே இருந்தால்தான் தோளும் முதுகும் வலிக்காது. கடையில் வருகிற 3 அடி மேடை அம்மாச்சிக்கு உயரமாக இருக்குமா இல்லையா என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அந்த வீட்டில் எது தொந்தரவு என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். பிறகு தான் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று, ஐயாயிரம் ரூபாவுக்குள். இந்தத் தாள்களைக் கோவையில் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் வேலை கொடுப்பவர்கள் சான்றிதழைப் புரட்டுவதற்கு முன்னால் செய்த வேலைகளைத்தான் கேட்பார்கள். உளச்சார்புப் பரீட்சைக்கும் இதுவே நல்ல பயிற்சி.

லப்டொப் இப்போது வாங்க வேண்டாம். வீட்டுப் படம் வரைகிற ஸ்கெட்ச்அப் மென்பொருளின் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே ஓடும், நூலகத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ பழகலாம். கையிலிருக்கும் பணத்தில் ஐந்து மீற்றர் இரும்பு டேப் ஒன்றும், ஒரு அளவுகோலும், நல்ல பென்சில் இரண்டும் வாங்கிக் கொடுங்கள். தையல் டேப் நாளாக நாளாக நீளும், அளவு பிசகும். பெறுபேறு வந்த வாரத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கோவையோடு வாருங்கள். அவருக்கு லீவு கிடைத்தால் அப்பாவையும் வரச் சொல்லுங்கள், கட்டணக் கணக்கை அவர் முன்னாலேயே பேசிவிடலாம்.