மேற்கு பார்த்த அறையில் மாலைச் சூட்டைக் குறைப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு. படுக்கையறை ஜன்னல் மேற்கே பார்த்திருக்கிறது. கனமான திரை போட்டும் இரவு பத்து மணி வரை அறை கொதிக்கிறது. சன்ஷேடை இன்னும் நீட்டினால் சரியாகுமா?

சன்ஷேடை நீட்டுவதில் காசைப் போடாதீர்கள். திரையை மாற்றுவதிலும் பெரிய பலன் இருக்காது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே, குத்தாகத் தொங்கும் ஒரு மறைப்பால் நிறுத்த வேண்டும்.

முதலில் திரை. கண்ணாடி வழியாக வரும் வெயில் திரையில் பட்டு அதைச் சூடாக்குகிறது. சூடான துணியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களோ கண்ணாடியைத் தாண்டி நேராக வெளியே போக முடியாது. ஆக, வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது சன்ஷேடு. மே மாதம் சென்னையில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 26 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அந்தச் சாய்வில், 2 அடி நீளும் சன்ஷேடு ஜன்னலின் மேல் ஓரடிக்குத்தான் நிழல் தரும். 4 அடி உயர ஜன்னல் முழுதும் மறைய வேண்டுமானால் சன்ஷேடு கிட்டத்தட்ட 8 அடி நீள வேண்டும். அது சன்ஷேடு இல்லை, தாழ்வாரம்! ஐந்தரை மணிக்குச் சூரியன் இன்னும் இறங்கிவிடும், அதுவும் போதாது.

இதே 2 அடி சன்ஷேடு தெற்கு ஜன்னலுக்கு நன்றாக வேலை செய்யும். டிசம்பர் நண்பகலில்கூட அங்கே இரண்டரை அடிக்கு மேல் நிழல் விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், அந்த நாட்களில் தெற்குச் சுவரில் உச்சி வெயிலே படாது. நாலு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு வைத்துக் கட்டிவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். வரைபடத்தில் பேனாவால் மாற்றியிருக்க வேண்டிய விஷயம் அது.

திசை பார்த்துக் கட்டியதற்கு உதாரணமாக, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி இருக்கிறது. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் கடைசியில் வேலை தொடங்கிய கட்டடம். அதன் நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்த்தவை. அந்தப் பக்கங்களில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. திருப்பிக்கொள்ளக்கூடிய அகலமான கிடைப் பலகைகள்தான் சுவர். வெயிலை மறிக்கும், காற்றை விடும். ஏசியை நம்பாமல் கட்டப்பட்ட கட்டடம் என்பதால் ஒவ்வொரு முடிவிலும் அந்த அக்கறை தெரியும்.

சரி, கட்டி முடித்த வீட்டில் என்ன செய்வது? எங்கள் வீட்டிலும் படுக்கையறை மேற்கில்தான். ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடியிலிருந்து அரை அடி தள்ளி, சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி மாட்டியிருக்கிறோம். அந்த இடைவெளி முக்கியம். தட்டி சூடானாலும், நடுவில் உள்ள காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். அதனால் மேல்பக்கத்தை அடைக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இறக்கிவிடுவோம், இருட்டியதும் ஏற்றிவிடுவோம். மழையும் காற்றும் அடிக்கும் நாளில் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். மேல் மாடிகளில் காற்று வேகம் அதிகம் என்பதால் கீழ் முனையையும் கொக்கியில் மாட்டுங்கள். தட்டி வேண்டாமென்றால் வெளிப்புற அலுமினிய லூவர் (சாய்வான பட்டைகள் வரிசையாக உள்ள மறைப்பு) போடலாம். செலவு கூடும், ஆனால் உழைக்கும்.

சென்னையில் கோடை மத்தியானம் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். உங்கள் மேற்கு ஜன்னல் அந்தக் காற்று வெளியேறும் வழி. அதனால் காற்றே புகாத தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட் எதையும் கட்டாதீர்கள். இடுக்குள்ள தட்டிதான் நல்லது.

இரவு பத்து மணிச் சூட்டுக்கு ஜன்னல் மட்டும் காரணம் இல்லை. மாலை முழுக்க வெயிலைக் குடித்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சில மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சூட்டை உள்ளே விடும். அந்தச் சுவரை ஒட்டி பால்கனி இருந்தால் பெரிய தொட்டியில் சங்குப்பூவோ முல்லையோ வைத்துக் கம்பிவலையில் ஏற்றிவிடுங்கள். பால்கனி இல்லையென்றால் சுவரின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சாவது அடிக்கச் சொல்லுங்கள். வெளியே எது மாட்டுவதானாலும் முதலில் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுடையது கடைசி மாடி என்றால் மட்டும் வரிசை மாறும். கோடையில் உச்சி வெயில் ஏறக்குறைய நேராக மொட்டைமாடியில்தான் இறங்குகிறது. அப்போது முதலில் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நிழல்வலைப் பந்தல் போடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். ஜன்னலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.